பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து

2024 ஏப்ரலில் ராமநாதபுரம் தொகுதி வாக்காளர்களுக்கு ஒரு விசித்திரமான தேர்வு வைக்கப்பட்டது. முன்னாள் முதலமைச்சர் ஓ. பன்னீர்செல்வம் சுயேச்சையாகப் பலாப்பழச் சின்னத்தில் நின்றார். அதே வேட்பாளர் பட்டியலில் வேறு சில பன்னீர்செல்வங்களும் சுயேச்சைகளாக இருந்தார்கள். அவர்களுக்கும் இனிஷியல் ‘ஓ’தான். பன்னீர்செல்வம் என்ற பெயருள்ளவரைத் தேடிப் பிடிப்பது தமிழ்நாட்டில் கடினமில்லை. ‘ஓ’ என்ற எழுத்தோடு தேடிப் பிடித்திருக்கிறார்கள் என்பதுதான் விஷயம். இனிஷியல் வேறாக இருந்திருந்தால் அந்த உத்தி பாதி வலுவிழந்திருக்கும்.

பெயர்க் குழப்பம் தேர்தல் ஆணையத்துக்குப் பழகிய தலைவலி. அதனால்தான் 2015 முதல் வேட்பாளரின் புகைப்படமும் பெயரோடு அச்சாகிறது. பட்டியலை அகரவரிசைப்படுத்தும்போது பெயருக்கு முன்னுள்ள இனிஷியலைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்பது தேர்தல் அலுவலர்களுக்கான அறிவுரை. இருவர் ஒரே பெயரில் நின்றால் தொழிலையோ ஊரையோ சேர்த்து வேறுபடுத்தச் சொல்கின்றன 1961-ம் ஆண்டின் தேர்தல் நடத்தை விதிகள். வரிசைப்படுத்தும்போது இனிஷியலுக்கு மதிப்பில்லை. ஆளை அடையாளம் காணும்போதோ அதை விட்டால் வேறு வழியில்லை.

குழந்தைக்குப் பெயர் தேடும் வீடுகளில் பெயரைப் பற்றி மாதக்கணக்கில் பேச்சு நடக்கிறது. முன்னால் வரப்போகும் எழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது அப்பாவிடமிருந்து தானாக வந்துவிடும் என்று ஒரு நினைப்பு. ஆனால் எந்த மொழி எழுத்து, யாருடைய பெயரிலிருந்து, விரித்து எழுதினால் பெயருக்கு முன்னாலா பின்னாலா என்பதெல்லாம் யாரோ ஒருவர் எடுத்தாக வேண்டிய முடிவுகள். பெற்றோர் எடுக்காவிட்டால் பள்ளிக்கூட எழுத்தரோ, ஆதார் மையத்தில் தட்டச்சு செய்பவரோ, பாஸ்போர்ட் விண்ணப்பத்தை நிரப்பித் தரும் கடைக்காரரோ எடுத்துவிடுகிறார்கள். பிறகு அதைத் திருத்த அலைவதற்குக் கணக்கில்லை.

இந்த வழக்கத்தை வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று சொல்பவர்கள் உண்டு. புள்ளி வைத்த ஒற்றை எழுத்து அச்சும் அலுவலகமும் சேர்ந்து தந்தது, அதுவரை சரி. அந்த எழுத்து சுருக்கி வைத்திருக்கும் செய்தி மிகப் பழையது. சங்கப் பாடல்களைப் பாடியவர்களின் பெயர்களைப் பாருங்கள்: மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார், மதுரை அளக்கர் ஞாழார் மகனார் மள்ளனார், உறையூர் மருத்துவன் தாமோதரனார். ஊர், பிறகு தந்தை அல்லது தொழில், கடைசியில் ஆளின் பெயர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தந்தையின் பெயரை முன்வைத்துத் தன் பெயரைப் பின்வைக்கும் முறை பரவலாக உண்டு. நொபுரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் தொகுத்த சோழர் கல்வெட்டுப் பெயர் அடைவைப் புரட்டினால் இது தெரியும். காஞ்சிபுரம் நடராஜன் மகன் அண்ணாதுரை என்பது சி.என். அண்ணாதுரை ஆனதும், ஈரோடு வெங்கடப்பர் மகன் ராமசாமி என்பது ஈ.வெ.ரா. ஆனதும் அதே வரிசையில்தான்.

இருபதாம் நூற்றாண்டில் இந்த ஒற்றை எழுத்தின் சுமை கூடியது. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் மாகாண சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டங்களைத் துறக்கச் சொல்லித் தீர்மானம் நிறைவேற்றியது. நாயக்கரும் முதலியாரும் பிள்ளையும் ஐயரும் பெயரின் வாலிலிருந்து மெல்ல மெல்ல உதிர்ந்தார்கள். வேறு பல மாநிலங்களில் பெயரின் கடைசிச் சொல் சாதியையோ குலத்தையோ சொல்லிவிடுகிறது. இங்கே அந்த இடம் காலியானதால், ஒரே பெயருடைய இருவரைப் பிரித்துக்காட்டும் வேலை முழுவதும் முன்னால் நிற்கும் எழுத்தின் தலையில் விழுந்தது. சாதியைச் சொல்லாமல் ஆளைச் சொல்ல ஒரு வழி என்ற அளவில் இனிஷியல் தமிழ்ச் சமூகத்துக்குச் செய்த உதவியை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை என்பது என் கருத்து.

அந்த எழுத்தே பெயராகவும் ஆனது. உத்தமதானபுரம் வேங்கடசுப்பையர் மகன் சாமிநாதையர் நமக்கு உ.வே.சா. லால்குடி சப்தரிஷி ராமாமிர்தம் லா.ச.ரா. கும்பகோணம் பட்டாபிராமையர் ராஜகோபாலன் கு.ப.ரா. மயிலாப்பூர் பொன்னுசாமி சிவஞானம் ம.பொ.சி. இவர்களில் நல்வாய்ப்புப் பெற்றவர் திருவாரூர் விருத்தாசலம் கல்யாணசுந்தரம்தான். ஊரின் முதல் அசை மரியாதைச் சொல்லாகவும் அமைந்துவிட, திரு.வி.க. என்று சொல்லும்போதே ‘திரு’ சேர்ந்துவிடுகிறது. இன்று பெற்றோர் எவரும் இப்படி மூன்றெழுத்தைக் கருதிப் பெயர் வைப்பதில்லை. வைத்தாலும் தவறில்லை.

இந்தச் சுருக்கங்களைத் தமிழில் எழுதுவதா ஆங்கிலத்தில் எழுதுவதா என்பது அரசியலாகவும் இருந்திருக்கிறது. எம்.ஜி.ஆர். என்பது ஆங்கில எழுத்துகளின் பெயர்களைத் தமிழில் எழுதியது. மு.க. தமிழ் எழுத்து. மு.க. ஸ்டாலின் 2021 மே மாதம் பதவியேற்றபோது அந்த இரண்டு எழுத்தையும் விரித்து, தாத்தா முத்துவேலையும் தந்தை கருணாநிதியையும் முழுப்பெயராகச் சொன்னார். அதே ஆண்டு டிசம்பரில் வந்த அரசாணை, பெயரைத் தமிழில் எழுதும் இடங்களில் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்றது. பள்ளி, கல்லூரி ஆவணங்களுக்கும் அது பொருந்தும்.

மொழிப்பற்றை ஒதுக்கிவைத்து, அடையாளம் என்ற கணக்கில் மட்டும் பார்த்தாலும் தமிழ் எழுத்துக்கு ஆதாயம் இருக்கிறது. ஆங்கிலத்தில் இருப்பவை 26 எழுத்துகள். தமிழ்ப் பெயர்கள் அவற்றில் எம், எஸ், கே, ஆர், பி, வி என்று சிலவற்றிலேயே போய்க் குவிகின்றன. தமிழில் சொல்லுக்கு முதலில் வரக்கூடியவை தொல்காப்பியக் கணக்கில் 94. பின்னால் வந்த வடமொழி, உருது, ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளையும் சேர்த்தால் இன்னும் கூடும். கே. காமராஜ் என்று எழுதினால் அந்தக் கே கந்தசாமியாகவும் இருக்கலாம், கோதண்டமாகவும் இருக்கலாம், கு. காமராஜ் என்றால் தந்தை குமாரசாமியின் ஒலி அதிலேயே கேட்கிறது. ஒரே வகுப்பில் மூன்று எம். கார்த்திக் இருந்தால் தமிழில் அவர்கள் மு. கார்த்திக், மா. கார்த்திக், மோ. கார்த்திக் என்று பிரிந்துவிடுவார்கள். இரண்டு எழுத்து முறைகளும் எப்போதும் ஒத்துப்போவதும் இல்லை. தூத்துக்குடிக் கப்பலோட்டியவர் தமிழில் வ.உ.சி.; ஆங்கிலத்தில் நடு எழுத்து ஓ ஆகிவிடுகிறது, உலகநாதன் என்ற பெயரை அக்காலத்தில் அப்படித்தான் எழுதினார்கள்.

தமிழ் இனிஷியலுக்கு ஆங்கிலத்தில் இல்லாத ஓர் ஆபத்தும் உண்டு. ஆங்கில எழுத்து பெயரோடு ஒட்டாது. தமிழ் எழுத்து ஓர் அசை, அது அடுத்து வரும் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். நன்மையாக ஒட்டினால் மகிழ்ச்சி: வி. ஜயா விஜயா ஆவார், சு. மதி சுமதி ஆவார், அ. மலன் அமலன் ஆவார். கெடுதலாகவும் ஒட்டும். அருணாசலத்தின் மகன் தர்மராஜ், அ. தர்மராஜ் என்று கையெழுத்திட்டால் படிப்பவர் வாயில் அதர்மராஜ் என்று வரும். அதே தந்தையின் மகள் மங்களா, அமங்களா. பாலுவின் மகள் வித்யாவை ஆசிரியர் வருகைப் பதிவேட்டில் வேகமாகப் படித்தால் பாவி என்ற இடத்தில் மூச்சு நிற்கும். குமரனின் மகன் ரங்கநாதன் பள்ளிப் பருவத்தைக் ‘குரங்கு’ என்ற பட்டப்பெயர் இல்லாமல் கடப்பது அரிது. புள்ளி வைத்திருக்கிறோமே என்றால், வாய்க்குப் புள்ளி தெரியாது.

ஆங்கில எழுத்தை எடுத்துக்கொண்டாலும் முழுவதுமாகத் தப்பிக்க முடியாது. கே.டி. என்பது காவல் நிலையப் பதிவேட்டிலிருந்து தெருவுக்கு வந்து கேடியாகிவிட்ட சுருக்கம். ஓ.பி. என்றால் வேலை செய்யாமல் நழுவுவது. டி.பி. நோய். தாத்தா எழுத்தும் அப்பா எழுத்தும் சேர்த்து இரட்டை இனிஷியல் போடும் குடும்பங்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம். இதற்கு ஆராய்ச்சி வேண்டாம். இனிஷியலோடு பெயரைச் சேர்த்து நான்கு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் போதும், முடிந்தால் வீட்டில் உள்ள பத்து வயதுப் பையன் எவனையாவது சொல்லச் சொல்லிக் கேட்கலாம். வகுப்பறையில் வரக்கூடிய பட்டப்பெயரைப் பெரியவர்களுக்கு முன்பே அவன் கண்டுபிடித்துவிடுவான்.

பெயரின் முதலெழுத்தைப் பெற்றோர் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பஞ்சாங்கம் தேர்ந்தெடுத்துவிடும் வீடுகளும் ஏராளம். 27 நட்சத்திரம், ஒவ்வொன்றுக்கும் நான்கு பாதம், மொத்தம் 108 அசைகள். அசுவினிக்குச் சு, சே, சோ, லா. ரோகிணிக்கு ஓ, வா, வி, வு. இந்தப் பட்டியல் வடமொழி ஒலிகளை வைத்து அமைந்தது. அதனால் திருவாதிரையின் ஒரு பாதத்துக்கு ‘ங’ என்று அச்சிடும் பஞ்சாங்கங்கள் இருக்கின்றன. ‘ங’வில் தொடங்கும் பெயரை எந்தத் தாயால் வைக்க முடியும்? அந்த எழுத்தைத் தொல்காப்பியம் சொல்லின் முதலில் வரவே விடாது. ஜோதிடரே அப்போது அடுத்த பாதத்து எழுத்தைக் காட்டி வழிவிடுகிறார். விதியில் இவ்வளவு இளக்கம் இருக்குமானால், முன்னால் வரும் இனிஷியலோடு பொருந்துகிறதா என்று பார்ப்பதற்கும் அதில் இடம் இருக்கத்தான் செய்யும்.

எண் கணிதம் இதைவிடக் கறார். தமிழ்நாட்டில் புழங்கும் முறையில் ஆங்கில எழுத்துகளுக்கு ஒன்று முதல் எட்டு வரை மதிப்பு. ஒன்பதுக்கு எழுத்தே கிடையாது. இனிஷியலையும் சேர்த்துத்தான் கூட்டுகிறார்கள். எண் சரியாக வராதபோது பெயரின் நடுவே ஒரு எச் கூடும், ஏ இரட்டிக்கும். இனிஷியலைத் தொட முடியாததால் அடி எல்லாம் பெயருக்கு. அந்தக் கணக்கின்படியே ஒரு பெண்ணின் நிலையை யோசித்துப் பார்க்கலாம். எஸ் என்ற எழுத்துக்கு மூன்று, எம் என்பதற்கு நான்கு. தந்தையின் எஸ்ஸை விட்டுக் கணவரின் எம்முக்கு மாறினால் அவளுடைய எண்ணில் ஒன்று கூடிவிடும். ஆருக்கும் கேக்கும் இரண்டுதான். ஆரிலிருந்து கேக்குப் போகிறவளின் விதி மட்டும் அசையாமல் நிற்கும். இதைக் கேட்டுச் சிரிக்காத எண் கணித நிபுணரை நான் பார்த்ததில்லை. கேட்டதற்காகத் தொழிலை விட்டவரையும் பார்த்ததில்லை.

இனிஷியல் உயிருக்கே உலை வைக்கும் என்ற பேச்சு ஆங்கில நாட்டு ஆய்விதழ்களிலும் நடந்திருக்கிறது. சான் டியேகோவில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் கிறிஸ்டன்ஃபெல்டும் டேவிட் ஃபிலிப்ஸும் லாரா க்ளினும் 1999-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அங்கே முதற்பெயர், நடுப்பெயர், குடும்பப்பெயர் மூன்றின் முதலெழுத்தும் சேர்ந்து சில வேளை ஒரு சொல்லாகிவிடும். கலிஃபோர்னியாவின் 1969 முதல் 1995 வரையிலான இறப்புச் சான்றுகளை எடுத்துக்கொண்டு, பன்றி, சாவு என்பதுபோன்ற பொருள் தரும் ஆங்கிலச் சொற்களாக இனிஷியல் அமைந்த ஆண்களையும், பெருமிதமான சொற்களாக அமைந்த ஆண்களையும் பிரித்தார்கள். கெட்ட சொல் அமைந்தவர்கள் ஏறத்தாழ 2.8 ஆண்டு முன்னதாக இறந்தார்கள். நல்ல சொல் அமைந்தவர்கள் ஏறத்தாழ 4.5 ஆண்டு கூடுதலாக வாழ்ந்தார்கள் என்பது முடிவு. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

2005-ல் ஸ்டிலியன் மாரிசனும் கேரி ஸ்மித்தும் அந்தக் கணக்கைப் பிரித்துப் போட்டார்கள். முதல் ஆய்வு மனிதர்களை அவர்கள் இறந்த ஆண்டை வைத்துத் தொகுத்திருந்தது. பெயர்களுக்கு மவுசு காலத்துக்குக் காலம் மாறும். ஒரு குறிப்பிட்ட எழுத்துச் சேர்க்கை பிற்காலத்தில் பிறந்தவர்களிடம் அதிகமாக இருந்தால், அதை உடையவர்கள் பெரும்பாலும் வயதில் இளையவர்கள். எடுத்துக்கொண்ட ஆண்டுகளுக்குள் அவர்களில் இறந்தவர்கள் இளமையில் இறந்தவர்களாகத்தான் இருப்பார்கள்; மற்றவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள், கணக்கில் வரவே இல்லை. பிறந்த ஆண்டை வைத்துத் தொகுத்ததும் வேறுபாடு காணாமல் போயிற்று. இதை நம் ஊருக்குப் பொருத்துவது எளிது. தமிழ்நாட்டில் சென்ற ஆண்டு இறந்த முனியாண்டிகளின் சராசரி வயதையும் இறந்த ஹரிஷ்களின் சராசரி வயதையும் எடுத்தால், ஹரிஷ் என்ற பெயர் ஆளைக் கொல்கிறது என்று நிரூபித்துவிடலாம்.

எழுத்தின் இடம் வாழ்க்கையைத் தொடுவதாகக் காட்டிய ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் மாயம் எதுவும் கிடையாது. லிரான் எய்னாவும் லீயாட் யாரிவும் 2006-ல் அமெரிக்காவின் முன்னணிப் பொருளாதாரத் துறைகளை ஆராய்ந்தார்கள். குடும்பப்பெயர் அகரவரிசையில் முன்னே வருபவர்களுக்கு அங்கே நிரந்தரப் பதவி கிடைக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. உளவியல் துறையில் அப்படி இல்லை. காரணம் கண்ணுக்குத் தெரிவது: பொருளாதாரத்தில் கூட்டுக் கட்டுரையின் ஆசிரியர்களை அகரவரிசையில் போடுவது வழக்கம், முதல் பெயர்தான் எல்லாருடைய நினைவிலும் நிற்கும். உளவியலில் அந்த வழக்கம் இல்லை. ஆக, எழுத்து தன்னளவில் எதையும் செய்வதில்லை. ஒரு நிறுவனம் அந்த எழுத்தை வைத்து என்ன செய்கிறதோ அதுதான் ஆளைப் பாதிக்கிறது.

தமிழர்களுக்கு அந்த நிறுவனம் பெரும்பாலும் ஒரு விண்ணப்பப் படிவம். முதற்பெயர், கடைசிப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும் படிவத்தின் முன்னால் இனிஷியல் விழிக்கிறது.

சி.வி. ராமன் குடும்பத்தில் தொடங்கலாம். தந்தை சந்திரசேகர ஐயர். ஒரு மகன் சி. சுப்பிரமணியன், இன்னொரு மகன் சி.வி. ராமன். சுப்பிரமணியனின் மகனுக்குத் தாத்தா பெயர்: எஸ். சந்திரசேகர். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் குடும்பங்களில் இப்படி இரண்டு எழுத்துகள் தலைமுறைக்குத் தலைமுறை இடம் மாறிக்கொண்டே போகும். ராமன் 1930-லும் சந்திரசேகர் 1983-லும் நோபல் பரிசு பெற்றார்கள். ராமன் விளைவும் சந்திரசேகர் வரம்பும் அவரவர் சொந்தப் பெயரிலேயே அமைந்தன, தமிழ் வழக்கப்படி சொந்தப் பெயரைக் கடைசியில் வைத்திருந்ததால். மேலை நாட்டவர் கடைசியில் இருப்பதைக் குடும்பப்பெயர் என்று எடுத்துக்கொண்டார்கள், நல்லதாகப் போயிற்று. இனிஷியலை விரித்துப் பின்னால் வைத்திருந்தால், சந்திரசேகர் வரம்பை உலகம் சுப்பிரமணியன் வரம்பு என்று படித்துக்கொண்டிருக்கும்.

அதே வரிசை விஸ்வநாதன் ஆனந்துக்கு வேறு விதமாகப் பலித்தது. முன்னால் இருந்த தந்தை பெயரையே அவருடைய சொந்தப் பெயர் என்று நினைத்துச் சதுரங்க உலகம் அவரை விஷி என்று கூப்பிட ஆரம்பித்தது. சுந்தர் பிச்சை மாற்றிப்போட்டுக்கொண்டவர்: பிச்சை சுந்தரராஜனில் தந்தையின் பெயரைப் பின்னுக்கு அனுப்பிச் சொந்தப் பெயரைக் குறுக்கினார். அடுத்த தலைமுறைச் சதுரங்க வீரர்கள் இனிஷியலை விரிக்காமல் பின்னால் தள்ளியிருக்கிறார்கள். உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் பட்டியலில் குகேஷ் டி, பிரக்ஞானந்தா ஆர் என்றுதான் இருக்கிறது. பார்க்க ஒன்றுபோலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் வேர் வேறு. பிரக்ஞானந்தாவின் ஆர் தந்தை ரமேஷ்பாபு. குகேஷின் டி, தொம்மராஜு என்ற தெலுங்குக் குடும்பப்பெயர். மலேசியாவில் இந்தச் சிக்கலே வேறு வடிவம் எடுத்தது: அடையாள அட்டையில் இன்னாருடைய மகன், மகள் என்பதை ஏ/எல், ஏ/பி என்று மலாய்ச் சுருக்கத்தில் பெயருக்கு நடுவே எழுதிவிடுகிறார்கள்.

சாதாரணக் குடும்பங்களுக்கு வரும் தொல்லை இவ்வளவு சுவையானதில்லை. பாஸ்போர்ட்டில் ஒரே பெயரை எழுதி மற்றக் கட்டத்தைக் காலியாக விட்டவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதற்பெயர் தெரியாதவர் என்று பொருள்படும் மூன்றெழுத்துச் சுருக்கம் விழுகிறது. எஃப்.என்.யூ. என்பதே அங்கே அவர்கள் ஓட்டுநர் உரிமத்திலும் வங்கி அட்டையிலும் ஏறிவிடுவதுண்டு. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருப்பவர்களைச் சுற்றுலா விசாவில் அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. பின்பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்று பிறகு விளக்கம் வந்தது.

உள்நாட்டில் பான் அட்டையைப் பாருங்கள். விண்ணப்பத்தில் இனிஷியலைச் சுருக்கமாக எழுத இடமில்லை, விரித்துத்தான் எழுத வேண்டும். அந்தப் பத்து இலக்க எண்ணில் நான்காவது எழுத்து தனிநபருக்கு ‘பி’. ஐந்தாவது எழுத்து கடைசிப் பெயரின் முதலெழுத்து. தந்தை பெயரைக் கடைசிப்பெயர்க் கட்டத்தில் எழுதியவருக்கு அந்த ஐந்தாவது எழுத்து அவருடைய இனிஷியலாகவே அமைந்திருக்கும். வருமானவரித் துறை நம்மையறியாமலே இனிஷியலை எண்ணுக்குள் பொதித்துத் தந்திருக்கிறது.

என் பரிந்துரை எளிது. குழந்தையின் பெயரை எந்த ஆவணத்தில் முதலில் எழுதினாலும் இனிஷியலை விரித்து எப்படி எழுதுவது என்பதை அப்போதே முடிவு செய்து, அதே எழுத்துக்கூட்டலைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள். முன்னாலா பின்னாலா என்று கேட்டால், குழந்தையின் சொந்தப் பெயர் கடைசியில் வரும் பழைய வரிசைக்கே என் வாக்கு. வெளிநாட்டில் யாராவது அப்பா பெயரால் கூப்பிடுவார்கள், கூப்பிட்டுவிட்டுப் போகட்டும். கட்டுரையிலும் கண்டுபிடிப்பிலும் நிற்பது பிள்ளையின் பெயராக இருக்கும்.

யாருடைய எழுத்து என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் எம் மதுரை. எஸ் அவருடைய தாயார், வீணைக் கலைஞர் சண்முகவடிவு. எம்.எல். வசந்தகுமாரியின் எல் தாயார் லலிதாங்கி. இசைவேளாளர் மரபின் கலைஞர் குடும்பங்களில் தாய்வழி இனிஷியல் இயல்பாக இருந்தது. கச்சேரி கேட்கப் போன தந்தைவழிச் சமூகம் முழுவதும் அந்த எழுத்துகளை நாள்தோறும் உச்சரித்தது. தன் வீட்டுப் பெண் குழந்தைக்கு அதைக் கொடுக்க மட்டும் அதற்குத் தோன்றவில்லை.

சட்டம் மெதுவாக அந்தப் பக்கம் வந்திருக்கிறது. கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-ல் உச்ச நீதிமன்றம், தந்தை உயிரோடிருக்கும்போதும் தாய் இயற்கைப் பாதுகாவலராக இருக்க முடியும் என்று விளக்கியது. 2015-ல் மணமாகாத தாய் ஒருவரின் வழக்கில், தந்தையின் பெயரை வெளியிடச் சொல்லி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. 2016 டிசம்பரில் மாற்றிய விதிகளின்படி பாஸ்போர்ட்டுக்குப் பெற்றோரில் ஒருவர் பெயர் போதும். 2022 ஜூலையில், கணவர் இறந்தபின் மறுமணம் செய்த தாய்க்குக் குழந்தையின் குடும்பப்பெயரை முடிவு செய்யும் உரிமை உண்டு என்ற தீர்ப்பு வந்தது. அம்மா எழுத்தை முதலிலும் அப்பா எழுத்தை அடுத்தும் வைத்து இரட்டை இனிஷியல் போடும் வீடுகள் இன்று கூடிவருகின்றன. இதில் இன்னொரு வசதி, இரண்டு எழுத்து இருந்தால் ஒரே பெயருடைய இருவர் மோதிக்கொள்ளும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடுகிறது.

திருமணத்துக்குப் பிறகு பெண்ணின் இனிஷியலை மாற்றச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை. ஆனாலும் மாற்றுகிறார்கள். மதிப்பெண் பட்டியலில் அப்பா எழுத்து, குடும்ப அட்டையில் கணவர் எழுத்து, வங்கிக் கணக்கில் இரண்டில் ஒன்று என்று ஒரே பெண் மூன்று பேராகத் திரிகிறாள். மூவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதித் தருவதே அவளுக்கு வேலையாகிறது. பெண் குழந்தைக்குப் பெயர் வைக்கும்போதே அது அவளுடன் நிரந்தரமாக இருக்கப்போகும் எழுத்து என்று எண்ணிக் கொடுப்பது நல்லது.

கால அவகாசம் தாராளமாகவே இருக்கிறது. பிறப்பைப் பதிவு செய்யும்போது பெயர் முடிவாகியிருக்க வேண்டும் என்பதில்லை. 12 மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் பெயரைச் சேர்க்கலாம், அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். முன்பெல்லாம் பிறப்புச் சான்றில் ஏதோ ஒன்று இருந்தாலும் பத்தாம் வகுப்புச் சான்றிதழை வைத்துச் சமாளித்துவிடுவார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின் 2023 திருத்தம் அந்த வழியை அடைத்துவிட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், பாஸ்போர்ட் எல்லாவற்றிலும் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் அந்தச் சான்றுதான் ஆதாரம். படிவத்தில் குழந்தையின் பெயருக்கு ஒரு வரி, தாயின் பெயருக்கு ஒரு வரி, தந்தையின் பெயருக்கு ஒரு வரி இருக்கிறது. இனிஷியலுக்கென்று வரி எதுவும் இல்லை. குழந்தையின் பெயர் வரியில் அதையும் சேர்த்து, விரித்து எழுதித் தர வேண்டியவர்கள் பெற்றோர்தான்.